புரவலரும் பிணையாளரும்

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்று நிகண்டுகள் பொருள் தருகின்றன. எங்கள் ஊராகிய பரவையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் விளாங்குடி கழிந்தபின் வருவது பரவை, அதற்கடுத்தது சமயநல்லூர். வைகைப் பக்கத்து வயல்கள், ஒரு கண்மாய், விடியுமுன்னே லாரிகள் வந்து நிற்கும் மொத்தக் காய்கறிச் சந்தை, நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாவால் வந்த புகழ் ஆகியவையே ஊரின் உடைமைகள். ஆயினும் இந்தச் சமவெளியில் கடல் கடப்பது பற்றிய பேச்சு ஓய்வதில்லை.

கடந்த சில ஆண்டுகளாக ஆங்கிலம் அறியாத முதியவர் வாயிலும் தங்குதடையின்றிப் புழங்கும் சொல் ஒன்று இங்கு உண்டு. ஸ்பான்சர். "பெரியவளுக்கு ஸ்பான்சர் கெடச்சிருச்சு" என்று தேநீர்க் கடையில் சொல்வார்கள். "ஸ்பான்சர் லெட்டர் வந்துட்டா நகைய வச்சிரலாம்" என்று வங்கி வாசலில் சொல்வார்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிச் செலவை ஏற்றுக்கொள்பவரும் ஸ்பான்சர்தான். மகளை இங்கிலாந்துக்கு அழைக்கும் முதலாளியும் ஸ்பான்சர்தான். முன்னவர் தம் கைப்பணத்தைத் தருகிறவர். பின்னவரும் அப்படித்தான் என்று நம்பிப் புறப்படுகிறவர்கள் பலர். அந்த நம்பிக்கையைப் பற்றியே இங்கு எழுத நினைத்தோம்.

எங்கள் இல்லத்தில் இருவருமே கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் வணிகவியல். ஆகவே தெருவில் எவருக்கேனும் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்துவிட்டால் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். முன்பெல்லாம் வங்கிக் கடிதங்களும் காப்பீட்டுப் படிவங்களும் வந்தன. இப்போது விசா விண்ணப்பங்களும் வேலை ஒப்பந்தங்களும் வருகின்றன. ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர் கணக்குச் சொல்ல, நாங்கள் படித்துக்காட்டிய தாள்கள் இதற்குள் ஒரு பெட்டி நிறையும்.

*

ஸ்பான்சர் என்பதற்குத் தமிழில் பெயர்ப்புகள் பல. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர். விழா மலருக்குப் புரவலர். ஈழத்தவர் வழக்கில் அனுசரணையாளர். எங்கள் மாணவர் ஒருவர் வேலை விசா பற்றிய கட்டுரையொன்றில், ஆளெடுக்கும் அயல்நாட்டு நிறுவனத்தைப் புரவலர் என்றே எழுதியிருந்தார். சங்க இலக்கியம் பயிலும் பிள்ளைக்கு அச்சொல் தோன்றியது இயல்பு. ஆனால் அது எங்களை உறுத்தியது.

புரவலர் யார்? பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞர், எதிரில் வரும் வறிய கலைஞரைக் கண்டு, "இன்ன வழியே செல், இன்ன தலைவனைக் காண், உன் வறுமை தீரும்" என்று நெறிப்படுத்துவது அதன் இலக்கணம். மலைபடுகடாத்தைப் பாடிய பெருங்கௌசிகனார் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூரினர். இரணியமுட்டம் அழகர்மலைப் பக்கத்து நாடு. எங்களுக்கு அண்டை என்றே சொல்லலாம். செங்கண்மாவின் தலைவன் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு அவர் சொல்லும் வழியில் சோறும் விருந்தும் மட்டுமா இருக்கின்றன? பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், பாம்பு எங்குறையும், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல்லுக்கு எப்படித் தப்ப வேண்டும், வழுக்குநிலத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்று அத்தனையும் சொல்கிறார். 

இந்நூலை நடத்திய ஒரு நாள், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வழி சொன்னதுக்கு அந்தக் கூத்தர் கமிஷன் எதுவும் வாங்கினாரா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் அப்போது ஒரு முகவரிடம் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார் என்று பின்னர் அறிந்தோம். கேள்வி சரியான கேள்வி. ஆற்றுப்படுத்துபவர் எதுவும் வாங்குவதில்லை. தாம் பெற்றதை மற்றவரும் பெறட்டும் என்பதே அவர் கூலி. வழியின் இடர்களை அவர் மறைக்காததற்குக் காரணமும் அதுதான். கமிஷன் வாங்குகிறவர் பன்றிப்பொறியைப் பற்றி ஏன் பேசப்போகிறார்?

புரவலன் பக்கம் பாருங்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலன், பொருநனை விடைகொடுத்து அனுப்புகையில் ஏழடி பின்சென்று தேரேற்றுகிறான். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலை மறுத்துவிடுகிறார். கொடுப்பவன் கொடுத்தபின் பற்றிக்கொண்டிருப்பதில்லை. பெறுபவர் வேண்டாம் என்று சொல்லவும் திரும்பிப்போகவும் உரிமையுள்ளவர். இந்த இரண்டும் இருந்தால்தான் புரவலர் என்ற சொல் பொருந்தும்.

*

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். தந்தை காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியின் கணக்குப்பிள்ளை. மூத்த மகள் செவிலியர் பட்டம் பெற்றவர். மணமாகி ஒரு பெண் குழந்தை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் வாங்கிய சம்பளம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவருக்கே போய்விடும் அளவினது. இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவுபெற ஆங்கிலத் தேர்வு ஒன்றும் தொழில் தேர்வுகள் இரண்டும் தேற வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்காகும் என்று ஒரு முகவர் சொல்லி, "முதல்ல கேர் விசாவில போயிரட்டும், அங்க போய்ப் பரீட்சை எழுதிக்கலாம்" என்றார். முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கை மாற்றும் பராமரிப்புப் பணியாளர்களையும் பிரித்தானியா 2022 பிப்ரவரியில் இவ்வகை விசாவுக்குள் கொண்டுவந்திருந்தது. முகவர் கேட்ட தொகை பதினொரு இலட்சம். தாயின் நகைகள், மருமகனின் இருசக்கர வாகனம், வட்டிக்கு வாங்கிய மூன்று இலட்சம் எனத் தொகை சேர்ந்தது.

2024 மே மாதம் அவர் புறப்பட்டார். கணவரும் குழந்தையும் உடன்செல்ல இயலவில்லை. அவ்வாண்டு மார்ச் 11 முதல், புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தாரை அழைத்துவரக் கூடாது என்று விதி மாறியிருந்தது. இரண்டு மாதம் முன்னதாகப் போயிருந்தால் மூவரும் போயிருக்கலாம்.

தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு சூத்திரம் கடல்வழிப் பயணம் பெண்டிரோடு கூடியதன்று என்கிறது. அதை நடத்தும்போதெல்லாம், அது அக்கால வழக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவோம். இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு தீவு நாட்டின் உள்துறை அமைச்சகம் அதே சூத்திரத்தைத் திருப்பி எழுதும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இங்கே பொருள்வயிற் பிரிந்து கடல் கடந்தவள் தலைவி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலைநேரத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி பரவையில் காத்திருப்பவன் தலைவன். பாலைத்திணைக்கு இப்படியொரு துறையை எந்த உரையாசிரியரும் வகுத்துத் தரவில்லை.

ஒப்பந்தத்தில் வாரம் 39 மணி நேரம் வேலை என்று எழுதியிருந்தது. கிடைத்தது பல வாரங்களில் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. வேறிடத்தில் முழுநேர வேலைக்குப் போக வழியில்லை. விசா அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் உரிமம் இரத்தாயிற்று. அடுத்த மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மகள் படமெடுத்து அனுப்ப, தந்தை அச்செடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"சார், டீச்சரம்மாவையும் கூப்பிடுங்க. ரெண்டு பேருமா இதப் படிச்சுச் சொல்லுங்க. புள்ள போன்ல அழுவுறா, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

படித்தோம். அவர் மேல் எக்குற்றமும் இல்லை. உரிமம் இழந்தது நிறுவனம். எனினும் அவர் அந்நாட்டில் தங்கும் அனுமதி அறுபது நாளில் முடியும். அதற்குள் உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம் அவரை ஏற்றுப் புதிய விண்ணப்பம் போடாவிடில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். தந்தை சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்:

"அறுவது நாள்ங்கிறது வேலை தேடுறதுக்கா சார், மூட்டை கட்டுறதுக்கா?"

எங்களில் எவருக்கும் உடனே மறுமொழி வரவில்லை. 

*

அவருடைய தாள்களை முழுவதும் படித்தபோதுதான் இவ்வேற்பாட்டின் உள்ளமைப்பு எங்களுக்குத் தெளிவாயிற்று. திறன் தொழிலாளர் விசா என்று 2020 டிசம்பர் முதல் வழங்கப்படும் பிரித்தானிய விசாவுக்கு முதலில் நிறுவனம் அந்நாட்டு அரசிடம் ஸ்பான்சர் உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. பின்னர் ஒவ்வொரு பணியாளருக்கும் நிறுவனம் ஒரு ஸ்பான்சர் சான்று ஒதுக்க வேண்டும். சான்று என்றவுடன் முத்திரை குத்திய தாள் என்று நாம் எண்ணுகிறோம். அது தாளே அன்று. அரசின் கணினியில் ஒரு பதிவு, அதற்கோர் எண். அந்த எண்ணை வைத்து மூன்று மாதத்துக்குள் பணியாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அச்சான்றை ஒதுக்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் கட்டணம் 2024-இல் 239 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 25,000 ரூபாய். எங்கள் தெருக் குடும்பம் கொடுத்தது பதினொரு இலட்சம். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், மருத்துவச் சோதனை எல்லாவற்றையும் கழித்து எங்கள் வணிகவியலார் ஒரு தாளில் கணக்குப் போட்டார். எட்டு இலட்சத்துக்கு மேல் எதற்கென்று சொல்ல இயலாத பணம். அயல்நாட்டிலிருந்து ஆளெடுக்கும் நிறுவனம் செலுத்த வேண்டிய திறன் வரியைப் பணியாளர் தலையில் சுமத்தக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் மதுரையில் ஒரு மாடியறையில் எண்ணப்படும் ரொக்கம் வரை எட்டுவதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் கண்? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் நடுவணரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் பெறத்தக்க சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாத கொத்தனார் ஒருவர் சவூதிக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தை அரசு ஒருமுறையேனும் பார்க்கிறது. பட்டம் பெற்ற செவிலியர் இங்கிலாந்து போவதானால் அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது சட்டத்தின் கருத்துப் போலும். அவருடைய ஒப்பந்தம் எந்தப் பாதுகாவலரின் மேசைக்கும் போகாமல் வானூர்தி ஏறிவிடுகிறது.

எனினும் எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஸ்பான்சர் என்பது இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். வாக்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். உரோமச் சட்டத்தில் பிறருக்காகப் பிணை நின்றவர் ஸ்பான்சர். திருமுழுக்கின்போது குழந்தைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானத்தந்தையையும் ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிப்பர். அப்படியானால் வேலை விசாவில் ஸ்பான்சர் யாருக்கு வாக்குக் கொடுக்கிறார்? 

அரசுக்குக் கொடுக்கிறார். பணியாளருக்கு அன்று. இவர் இன்ன வேலையை இன்ன ஊதியத்தில் செய்வார், இவருடைய முகவரியும் வருகையும் எம்மிடம் பதிவாகும், வேலைக்கு வராவிட்டால் தெரிவிப்போம் என்பதே அந்த வாக்கு. அனுமதியின்றித் தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு மேல் பணியாளர் வராவிட்டால் அரசுக்கு அறிவிப்பது ஸ்பான்சரின் கடமை. விருந்தினன் பின்னே ஏழடி நடந்த கரிகாலன் எங்கே, பத்து நாளை எண்ணிக்கொண்டிருக்கும் இந்த உரிமதாரர் எங்கே! வாக்கு மீறப்பட்டால் தண்டனை உரிமதாரருக்கு வருவது முறை. வருகிறது. ஆனால் அத்தண்டனையின் பெரும்பங்கை, அவ்வாக்கில் ஒரு தரப்பாகவே இல்லாத பணியாளர் சுமக்கிறார். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கு மேற்பட்ட உரிமங்கள் இரத்தாயின. அந்நிறுவனங்களோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000-க்கு மேல் என்று பிரித்தானிய அரசே அறிவித்தது. அவ்வாறு உரிமம் இழந்த ஒன்றால் நிகழ்ந்ததே எங்கள் தெருவின் கதை. ஊரே அறியாமல் இப்படி எத்தனை தெருக்களோ.

*

இது புதிதன்று. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வரலாற்றைப் படித்தவர்கள் துண்டு என்னும் சொல்லை அறிவார்கள். கங்காணி தன் ஊருக்கு வந்து, சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டிச் செல்வார். வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்படும். அக்கடனை எழுதிய தாளே துண்டு. வேறொரு தோட்டத்துரை அத்தொகையைக் கட்டித் துண்டை வாங்கினால் ஆட்களும் தோட்டம் மாறலாம். இல்லையேல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். மண்டபம் முகாமைக் கடந்த தொழிலாளிகள் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை ஒன்றும் தொங்கும். ஆளை எந்த இரயிலில், எந்த ஊரில் இறக்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். ஆள் வாய்திறக்க வேண்டியதில்லை. 1921-இல் துண்டு முறையை இலங்கைச் சட்டம் ஒழித்தது.

அன்றைய தோட்டத் தொழிலாளியும் இன்றைய செவிலியரும் ஒன்றல்லர். ஊதியம் வேறு, சட்டம் வேறு, கையில் பட்டமும் கைப்பேசியும் உண்டு. அந்த வேறுபாட்டை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் ஓர் ஒற்றுமை அப்படியே இருக்கிறது. இடம் மாறுவதற்குரிய தாள், மாற வேண்டியவரின் கையில் இல்லை. அன்று கழுத்தில் தொங்கியது. இன்று கணினியில் இருக்கிறது.

வளைகுடா சென்று மீண்டவர்கள் கபீல் என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிணை நிற்பவர் என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். கபீலின் இசைவில்லாமல் வேலை மாற முடியாது, சில நாடுகளில் ஊருக்கே திரும்ப முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. கத்தார் நாடு வெளியேறும் அனுமதி முறையை 2018-இல் பெரும்பாலோருக்கு நீக்கியது. பழைய முதலாளியின் இசைவின்றி வேலை மாறலாம் என்று 2020-இல் சட்டம் செய்தது. அமெரிக்காவின் எச்-1பி விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மென்பொருள் பொறியாளராயினும் வேலை போனால் அங்கும் 2017 முதல் கிடைக்கும் தவணை அறுபது நாள்தான். ஆண்டுக்கு இலட்சம் டாலர் சம்பாதிப்பவரும் வாரம் பன்னிரண்டு மணி நேரம் வேலை கிடைத்தவரும் இந்த ஓர் எண்ணில் சமமாகிவிடுகிறார்கள். 

நல்ல முதலாளிகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. உரிமக் கட்டணமும் திறன் வரியும் தாமே கட்டி, வானூர்தி நிலையத்துக்கு வண்டி அனுப்பி, குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொடுத்த இல்லங்களைப் பற்றியும் எங்கள் பழைய மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் நல்லவராக இருப்பதை நம்பி மட்டுமே ஒருவரின் வாழ்வு நிற்குமானால், அதன் பெயர் நற்பேறு, உரிமை அன்று.

*

அந்த அறுபது நாள் என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

முதல் மாதம் அவர் விண்ணப்பித்த இடங்களில் பாதி மறுமொழியே அனுப்பவில்லை. முகவரின் கைப்பேசி அணைந்திருந்தது. ஓர் ஆள் தொடர்புகொண்டு, புதிய சான்றுக்கு ஆறாயிரம் பவுண்டு என்றார். மண்டிக் கணக்குப்பிள்ளை மீண்டும் கடன் கேட்டுப் புறப்பட ஆயத்தமாகிவிட்டார். சான்று விலைக்கு விற்கும் பொருளன்று, கேட்பவர் யாராயினும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி, நாங்கள் இருவரும் அவரை ஒரு மாலை முழுக்க உட்காரவைத்துத் தடுத்தோம்.

முப்பத்தொன்பதாம் நாள் தேனிப் பக்கத்துச் செவிலியர் ஒருவரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அந்த அம்மையாரும் முந்தைய ஆண்டு இதே கடிதத்தைப் பெற்று மீண்டவர். ஓர் இரவில் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். எந்தப் பட்டியலில் உரிமம் சரிபார்க்க வேண்டும், இங்கிலாந்தில் பராமரிப்பு ஒழுங்காற்று ஆணையத்தில் பதிவில்லாத இல்லத்தை ஏன் தொடக் கூடாது, நேர்காணலில் மணி நேரத்தை எழுத்தில் கேட்பது எப்படி, எந்த ஊரின் எந்த இல்லத்தில் நாணயமான மேலாளர் இருக்கிறார், யார் பணம் கேட்டால் அழைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். 2025 ஏப்ரல் 9 முதல், பராமரிப்பு நிறுவனங்கள் அயல்நாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்குமுன், ஸ்பான்சரை இழந்து அந்நாட்டிலேயே தவிப்போரிடம் முதலில் தேட வேண்டும் என்று விதி வந்திருந்ததையும் அவர்தான் சொன்னார். "எனக்கு ஒரு அக்கா சொன்னாங்க, நான் உனக்குச் சொல்றேன், நீ இன்னொருத்திக்குச் சொல்லு" என்பது அவர் கேட்ட கட்டணம்.

ஐம்பத்திரண்டாம் நாள் புதிய சான்று ஒதுக்கப்பட்டது. அதற்குப் பணம் எதுவும் கேட்கப்படவில்லை. ஐம்பத்தாறாம் நாள் விண்ணப்பம் போயிற்று.

நலம் என்று முடித்துவிட இயலாது. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தை தாயைத் திரையில் இருக்கும் ஓர் ஆளாகவே அறிகிறது. அழைப்பு முடிந்ததும் கைப்பேசியின் பின்புறத்தைத் திருப்பித் தேடுகிறது. 2025 ஜூலை 22-இல் அயல்நாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுக்கும் வழியையே பிரித்தானியா மூடிவிட்டது. பிற திறன் தொழிலாளர்க்குப் பொது ஊதிய வரம்பு அன்றே 41,700 பவுண்டாக உயர்ந்தது. ஒரு வழி அடைபட்டால் முகவர்கள் இன்னொரு நாட்டின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். எங்கள் வீட்டுக்கு வேறு நாட்டு முத்திரையோடு தாள்கள் வரும்.

ஆகவே போகாதீர்கள் என்று நாங்கள் எவருக்கும் சொல்வதில்லை. மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு செவிலியரை நிற்கவைக்கும் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எவருக்கும் வாயில்லை. தாள் கொண்டுவருவோரிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறோம். நிறுவனத்தின் பெயர் அந்நாட்டு அரசின் பட்டியலில் இருக்கிறதா? முகவரின் பதிவு நடுவணரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா, கொடுக்கும் பணத்துக்கு இரசீது உண்டா? இந்த ஒருவரை விட்டு விலகினால் உங்கள் நிலை என்ன என்று எவரேனும் சொன்னார்களா? தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். முதலிரண்டு கேள்விகளுக்கு விடையோடு வருவோர் இப்போது கூடியிருக்கிறார்கள். மூன்றாவதைக் கேட்டதும்தான் பலர் தாளைத் திரும்ப வாங்கிப் பார்க்கிறார்கள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். மாணவரின் கட்டுரையில் புரவலர் என்பதை அடித்துப் பிணையாளர் என்று எழுதிக் கொடுத்தோம். அவர் ஏன் என்று கேட்டார். பிணை என்றால் பிறருக்காகக் கொடுக்கும் உறுதி. பிணைத்தல் என்றால் கட்டுதல். உறுதிக்காகப் பிடித்துவைக்கப்பட்ட ஆளைப் பிணைக்கைதி என்கிறோம். ஒரே வேர் உறுதியையும் கட்டையும் சிறைப்பட்டவரையும் சேர்த்தே காட்டுகிறது. ஸ்பான்சர் என்ற சொல் மறைக்கும் நிலைமையைத் தமிழ்ச் சொல் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. அச்சொல்லைக் கேட்டுப் பழகியவர், கையொப்பமிடுமுன் ஒரு கணமாவது தயங்கிக் கயிற்றின் மறுமுனை யார் கையில் என்று பார்ப்பார்.

புரவலர் என்ற சொல்லை அழித்துவிட வேண்டாம். ஏற்ற ஆள் வரும்வரை அது இருக்கட்டும்.